வெர்செல்லியின் வெள்ளைச் சட்டைகள்

நமது மலைநாட்டு மாணவர்களிடம் இத்தாலிய உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஜுவென்டஸ், மிலான், இன்டர், நாப்போலி என்று கழகங்களின் பெயர்களை மூச்சு விடாமல் அடுக்குவார்கள். எந்த ஆட்டக்காரர் எந்த நிறச் சட்டை அணிவார் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். அதே மாணவர்களிடம், "புரோ வெர்செல்லி என்பது யாது?" என்று வினவினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்வார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அது இத்தாலியின் மூன்றாம் பிரிவில் ஆடுகின்ற ஒரு சிறு கழகம். ஏறக்குறைய 45,000 மக்களே வாழும் ஒரு சிறு நகரத்திற்கு உரியது.

ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால் வியப்பு மேலிடுகின்றது. இந்தச் சின்னஞ்சிறு கழகம் இத்தாலியின் முதன்மைப் பட்டத்தை 7 தடவை வென்றிருக்கின்றது. தலைநகராகிய ரோமாபுரியின் பெருங்கழகங்களான ரோமாவும் லாசியோவும் இதுவரை பெற்ற பட்டங்களை ஒன்றாகக் கூட்டினாலும் 5தான் வரும்.

ஒரு சிற்றூர் எவ்வாறு அவ்வளவு உயர்ந்தது? உயர்ந்தது ஏன் தாழ்ந்தது? தாழ்ந்த பின்னும் ஏன் அழியவில்லை? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பது, தேயிலைச் செடிகளுக்கிடையே வாழும் நமக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. அந்த விடையில் நமக்குரிய பாடமும் ஒன்று உண்டு.

நெல் விளையும் நாடு

இத்தாலியின் வடமேற்கில், தூரின் நகருக்கும் மிலான் நகருக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்தது வெர்செல்லி. இத்தாலி என்றவுடன் கோதுமையும் திராட்சையும் நினைவுக்கு வருவது இயல்பு. வெர்செல்லியோ நெல்லின் தலைநகரம். ஐரோப்பாவிலேயே மிகுதியாக நெல் விளைவிக்கும் நாடு இத்தாலி; அந்நாட்டு நெல் வயல்களின் நடுநாயகமாக விளங்குவது இந்நகரம். 1866ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பெற்ற காவூர்க் கால்வாய், போ நதியின் நீரை இவ்வயல்களுக்குக் கொண்டு வந்து சேர்த்தது. வசந்த காலத்தில் வயல்களில் நீர் நிரம்பியதும், வடக்கே தோன்றும் ஆல்ப்ஸ் மலையின் பனிச் சிகரங்கள் அந்நீரில் நிழலாடும். அக்காட்சி கண்கொள்ளாதது என்று கண்டோர் கூறுவர்.

அழகிய அக்காட்சியின் அடியில் துயரமும் இருந்தது. ஆண்டுதோறும் வைகாசி, ஆனி மாதங்களை ஒட்டி, அயல் மாகாணங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் இவ்வயல்களில் களை பறிக்க வந்தனர். 'மொந்தினே' என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். முழங்காலளவு நீரில் நாள் முழுவதும் குனிந்து நிற்பது அவர்களுடைய வேலை. காலை அட்டை பற்றும். முகத்தைக் கொசு மொய்க்கும். மலேரியாக் காய்ச்சல் உடலை வாட்டும். பின்னால் மேற்பார்வைக்காரன் நின்று கொண்டிருப்பான். இரவில் நீண்ட கொட்டகைகளில் வரிசையாகப் படுத்துறங்குவார்கள். கூலியின் ஒரு பகுதி காசாகவும் ஒரு பகுதி அரிசியாகவும் அளக்கப்பட்டது. லயத்தையும் கங்காணியையும் கூலிக்கு ஈடாக அளந்த அரிசியையும் அறிந்த நம் பாட்டிமார் இதைக் கேட்டிருந்தால், "நம்ம கதைதானே இது!" என்றிருப்பார்கள். 1949ஆம் ஆண்டில் ஜுசெப்பே தெ சாந்திஸ் என்னும் இயக்குநர் இப்பெண்களின் வாழ்வைக் களமாக வைத்துக் 'கசப்பான அரிசி' எனப் பொருள்படும் பெயரில் எடுத்த படம் உலகெங்கும் பிரசித்தி பெற்றது.

இப்பெண்கள் துயரத்தைச் சகித்துக் கொண்டே இருந்துவிடவில்லை. மொதெஸ்தோ குஞ்ஞோலியோ என்னும் வழக்கறிஞரின் துணையுடன் அவர்கள் சங்கமாகத் திரண்டனர். 1906ஆம் ஆண்டில் வெர்செல்லியில் மூண்ட வேலைநிறுத்தத்தின் பயனாக, நெல் வயலில் நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை என்னும் உரிமையை வென்றனர். இத்தாலிய நாடு முழுவதற்கும் அவ்வுரிமை சட்டமாவதற்கு 1923ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், அப்பெண்களின் சாதனை எத்தகையது என்பது விளங்கும்.

துரைமார் ஆடிய ஆட்டம்

அந்நாளில் இத்தாலியில் உதைபந்தாட்டம் ஆங்கிலேயரின் சொத்தாகவே இருந்தது. ஜெனோவாத் துறைமுகத்தில் வணிகம் நடத்திய ஆங்கிலேயர் 1893ஆம் ஆண்டில் ஒரு கிரிக்கெட் கழகத்தைத் தொடங்கினர். பிற்காலத்தில் 'ஜெனோவா' என்ற பெயரில் புகழ்பெற்ற உதைபந்தாட்டக் கழகம் அதுவே. முதல் சில ஆண்டுகள் இத்தாலியர் எவரும் அதில் அங்கத்தவராக முடியாது. ஸ்பென்ஸ்லி என்னும் ஆங்கில மருத்துவரின் முயற்சியால் 1897ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு மக்களுக்கு அக்கழகத்தின் கதவு திறந்தது. மிலான் கழகத்தை 1899ஆம் ஆண்டில் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவரும் கில்பின் என்னும் ஆங்கிலேயரே.

இதைப் படிக்கையில் நம் மனம் தானாகவே தரவளைக்கும் ரதல்லைக்கும் செல்கின்றது. ஹட்டனுக்கு அருகே டிக்கோயாப் பகுதியில் தரவளைக் கழகமும், நானுஓயாவுக்கும் லிந்துலைக்கும் அண்மையில் ரதல்லை மைதானத்தைக் கொண்ட திம்புளைக் கழகமும் தோட்டத் துரைமாருக்காக 19ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. கிரிக்கெட்டும் ரகர் ஆட்டமும் அங்கே செழித்தன. மலைச் சரிவில் தட்டையான நிலம் கிடைப்பது அரிது. கிடைத்த சில தட்டுகளையும் வெட்டிச் சமன்செய்து புல் வளர்த்துப் பேணியவை தொழிலாளரின் கைகள். ஆட்டமோ அவர்களுக்கு உரியதாக இருக்கவில்லை. வேலியோரத்தில் நின்று பார்த்தலும், உருண்டோடிய பந்தை எடுத்துக் கொடுத்தலும் தவிர அவர்களுக்கு அங்கே வேறு இடமில்லை.

ஜெனோவாவின் வேலி 4 ஆண்டுகளில் திறந்தது. நம் மலைநாட்டு வேலி தலைமுறை தலைமுறையாக நின்றது. வெர்செல்லி மக்களோ பிறர் வேலி திறக்கும் வரை காத்திருக்கவில்லை. தமக்கென ஒரு கழகத்தைத் தாமே உண்டாக்கிக் கொண்டார்கள்.

உடற்பயிற்சிச் சாலையில் பிறந்த கழகம்

1892ஆம் ஆண்டில் தொமெனிக்கோ லூப்பி என்னும் ஆசிரியர் வெர்செல்லி இளைஞருக்காக ஓர் உடற்பயிற்சிச் சங்கத்தை நிறுவினார். 'புரோ வெர்செல்லி' என்றால் 'வெர்செல்லிக்காக' என்று பொருள். அச்சங்கத்தில் வாள் வீச்சுப் பயின்ற மார்செல்லோ பெர்த்தினெத்தி என்னும் இளைஞர் தூரின் நகரில் உதைபந்தாட்டத்தைக் கண்டு மனம் பறிகொடுத்தார். அவருடைய முயற்சியால் 1903ஆம் ஆண்டில் அச்சங்கத்தில் உதைபந்தாட்டப் பிரிவு தோன்றியது. பெர்த்தினெத்தி பின்னாளில் மருத்துவரானார். 1924, 1928 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் வாள் வீச்சுக் குழுவில் இடம்பெற்றுத் தங்கப் பதக்கம் வென்றார்.

அக்கழகத்தில் ஆடியவர்கள் பெரும்பாலும் அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். ஒரே திடலில் சிறு வயது முதல் ஒன்றாக ஓடியவர்களாதலால், ஒருவர் எண்ணம் மற்றவருக்குச் சொல்லாமலே புரிந்தது. உடற்பயிற்சிச் சாலையில் வளர்ந்தவர்களாதலால் மூச்சுத் திணறாமல் ஆட்டம் முடியும்வரை ஓடக்கூடியவர்களாயும் இருந்தார்கள். அவர்கள் அணிந்த வெள்ளைச் சட்டை விரைவிலேயே நாடெங்கும் பெயர் பெற்றது.

1908ஆம் ஆண்டில் முதற் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டு அயல்நாட்டு ஆட்டக்காரர்களை விலக்கி, இத்தாலியருக்கு மட்டும் ஒரு போட்டியைச் சம்மேளனம் நடத்தியது. அதை எதிர்த்து ஜெனோவா, மிலான், தூரினோ முதலிய பெருங்கழகங்கள் விலகிக் கொண்டன. ஆகவே, "வலியவர் இல்லாத இடத்தில் வென்றார்கள்" என்று சிலர் இகழக்கூடும். அவ்விகழ்ச்சிக்கு அடுத்துவந்த ஆண்டுகள் விடை பகர்ந்தன. 1909, 1911, 1912, 1913 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் வெர்செல்லிக்கே வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் 1921, 1922 ஆகிய ஆண்டுகளிலும் வென்று 7 பட்டங்கள் என்னும் கணக்கை நிறைவு செய்தார்கள்.

1913ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் திகதி தூரின் நகரில் இத்தாலிய நாட்டு அணி பெல்ஜியத்தை எதிர்த்தாடியது. அன்று களம் புகுந்த 11 பேரில் 9 பேர் புரோ வெர்செல்லியைச் சேர்ந்தவர்கள். ஆட்டத்தில் விழுந்த ஒரே கோலை அடித்து நாட்டுக்கு வெற்றி தேடித் தந்த குய்தோ ஆராவும் வெர்செல்லி மைந்தரே. நெல் வயல்களுக்கு நடுவிலுள்ள ஒரு சிறு நகரத்தின் இளைஞர்கள் ஏறக்குறைய ஒரு நாட்டின் அணியாகவே நின்ற நாள் அது.

வெற்றிகளைக் காட்டிலும் அவ்வூராரின் நெஞ்சுரத்தைக் காட்டுவது 1910ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அவ்வாண்டு புரோ வெர்செல்லியும் இன்டரும் சமநிலையில் நின்றமையால் பட்டத்தைத் தீர்மானிக்க ஓர் ஆட்டம் வைக்கப்பட்டது. குறித்த நாளில் தங்கள் ஆட்டக்காரர் சிலர் இராணுவப் போட்டி ஒன்றில் கலந்து கொள்ள வேண்டியிருப்பதால் வேறு நாள் தருமாறு வெர்செல்லிக் கழகம் கேட்டது. அதற்கு எவரும் இணங்கவில்லை. கழகத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? தமது முதல் அணியை அனுப்பாமல், கழகத்தில் பயின்று கொண்டிருந்த சிறுவர்களைச் சட்டை மாட்டிக் களத்தில் இறக்கிவிட்டார்கள்! 10க்கு 3 என்ற கணக்கில் இன்டர் வென்றது. பட்டம் போயிற்று, தண்டனையும் வந்தது. அது சரியான வழியா என்று மாணவர்கள் தமக்குள் விவாதிக்கலாம். ஆயினும், நாட்டின் சிறந்த கழகத்தின் காப்பாளரை மீறி 3 கோல் அடித்த அந்தச் சிறுவர்களை எண்ணி மகிழாமல் இருக்க முடியுமா?

இங்கே ஆண்டுகளின் வரிசையை ஒரு கணம் நோக்குவோம். 1903இல் பந்தாட்டப் பிரிவு தோன்றியது. 1906இல் 8 மணி நேர வேலை கிடைத்தது. 1908இல் முதற் பட்டம் வந்தது. ஒன்றினால் மற்றொன்று விளைந்தது என்று கூறிவிட முடியாது. வயலில் நின்ற பெண்களும் திடலில் ஓடிய இளைஞர்களும் வெவ்வேறு வாழ்க்கை உடையவர்கள். ஆனால் ஒரே மண்ணில், ஒரே பத்தாண்டுக்குள், "நாமே கூடி நமக்கு வேண்டியதைச் செய்துகொள்வோம்" என்னும் எண்ணம் இரண்டு உருவங்களில் வெளிப்பட்டது என்று சொல்வது தவறாகாது.

செல்வத்தின் முன்னே

இத்தகைய கழகம் எதனால் தாழ்ந்தது? ஊக்கம் குறைந்ததாலன்று, பணத்தின் பெருக்கத்தாலேயே தாழ்ந்தது. 1923ஆம் ஆண்டில் பியட் மோட்டார்த் தொழிற்சாலையின் உரிமையாளரான அக்னெல்லி குடும்பத்தினர் ஜுவென்டஸ் கழகத்தின் தலைமையை ஏற்றனர். அதே ஆண்டில் புரோ வெர்செல்லியின் தற்காப்பு வீரர் விர்ஜீனியோ ரோசெத்தா ஜுவென்டஸுக்குச் சென்றார். அக்காலச் சட்டப்படி ஆட்டக்காரர் எவரும் ஊதியம் பெறலாகாது. ஆகவே அந்த மாற்றம் நாடு முழுவதும் பெரும் வழக்காக மூண்டது. அன்று முதல் நல்ல கால்கள் பெருநகரங்களை நோக்கி நடக்கத் தொடங்கின.

எல்லாரிலும் பெரியவர் சில்வியோ பியோலா. 1913ஆம் ஆண்டில் பிறந்து வெர்செல்லியில் வளர்ந்த இவர், 16 வயதை ஒட்டியே முதல் அணியில் இடம் பெற்றார். 1933ஆம் ஆண்டில் பியொரென்தீனாக் கழகத்திற்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 6 கோல் அடித்தார். 1934ஆம் ஆண்டில் லாசியோ அவரைக் கொண்டு சென்றது. 1938ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இத்தாலி ஹங்கேரியை 4க்கு 2 என்று வென்றபோது, அந்நான்கில் இரண்டு பியோலாவினுடையவை. இத்தாலிய முதற் பிரிவில் அவர் அடித்த 274 கோல்களை இன்று வரை எவரும் தாண்டவில்லை.

பியோலா சென்ற அடுத்த ஆண்டே, 1935இல், புரோ வெர்செல்லி முதற் பிரிவிலிருந்து இறங்கியது. அதன்பின் இன்றளவும் அங்கே திரும்பவில்லை. 1948ஆம் ஆண்டில் இரண்டாம் பிரிவிலிருந்தும் இறங்கியது. வயல் விளைந்தது, நெல்லோ பிறர் களஞ்சியத்துக்குப் போயிற்று.

பெயர் பிழைத்தது

இத்துடன் கதை முடிந்துவிட்டதென்றால் அதில் புதுமை ஒன்றுமில்லை. வலியவன் வெல்வதும் எளியவன் மறைவதும் உலகம் கண்ட காட்சியே. வெர்செல்லியின் கதையில் சுவையான பகுதி இதற்குப் பின்னரே வருகின்றது.

1948 முதல் 2012 வரை, 64 ஆண்டுகள் அக்கழகம் கீழ்ப் பிரிவுகளிலேயே ஆடியது. தாத்தா பட்டங்களைப் பற்றிச் சொல்ல, அப்பா அவற்றைக் கேட்டு வளர, பேரன் பட்டம் ஒன்றையும் காணாமலே திடலுக்குச் சென்றான். பியோலா 1996ஆம் ஆண்டில் மறைந்தபின் அவர் பெயரையே அத்திடலுக்குச் சூட்டினார்கள். ஊரைவிட்டுப் போனவர்தானே என்று அவரை ஒதுக்கிவிடவில்லை.

2010ஆம் ஆண்டில் பெருந்துன்பம் நேர்ந்தது. பணமுடையால் கழகம் நொடித்துப் போய், போட்டிகளில் சேரும் தகுதியையே இழந்தது. அவ்வேளையில் அந்நகரில் புரோ பெல்வெதெரே என்னும் மற்றொரு கழகமும் இருந்தது. அதே பிரிவில் எதிரெதிராக நின்று ஆடிய கழகம் அது. அக்கழகத்தார் தம் பெயரை விட்டுக்கொடுத்துப் புரோ வெர்செல்லி என்னும் பழைய பெயரையும் வெள்ளைச் சட்டையையும் ஏற்றுக் கொண்டனர். உயிர் போகவிருந்த பெயருக்கு எதிரியே தன் உடலைக் கொடுத்தது போன்றது இது. 2 ஆண்டுகள் கழித்து, 2012இல், அப்பெயர் இரண்டாம் பிரிவுக்கு மீண்டது. அடுத்த ஆண்டே இறங்கியது. 2014இல் மறுபடி ஏறியது. 2018இல் மீண்டும் இறங்கியது. இருந்தும் வெர்செல்லி மக்கள் தம் கழகத்தைக் கைவிடவில்லை.

ஒரு கழகம் என்பது பட்டங்களின் தொகுதி அன்று. அது ஓர் ஊர் தனக்குத் தானே இட்டுக்கொண்ட பெயர். பட்டம் கைமாறும், ஆட்டக்காரன் விலை போவான், திடலின் பலகைகள் உளுத்துப் போகும். 'எங்களுடையது' என்று சொல்ல நாலுபேர் இருக்கும் வரை பெயர் நிற்கும்.

மூணாற்றுக் கேடயம்

நெல் நாட்டை விட்டுத் தேயிலை நாட்டுக்குத் திரும்புவோம். கேரள மாநிலத்தின் மூணாறு மலைகளில் தேயிலை பறிப்பவர்களுள் பெரும்பாலோர் தமிழர். தென் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து முன்னோர் காலத்தில் மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள். ஒருவகையில் நம் உறவினர். அங்கே 1941ஆம் ஆண்டு முதல் 'ஃபின்லே கேடயம்' என்னும் உதைபந்தாட்டப் போட்டி தோட்டங்களுக்கிடையே நடைபெற்று வருகின்றது. தோட்டத்துக்கு ஓர் அணி. மூணாறு நகரத்து மைதானத்தில் ஆட்டம். தம் தோட்டத்து அணியை ஊக்குவிக்க மக்கள் மலைகளிலிருந்து திரண்டு வருவார்கள்.

அக்கேடயத்தை வழங்கியது ஜேம்ஸ் ஃபின்லே என்னும் வெள்ளையர் கம்பெனி. அதுவும் மேலிருந்து வந்த கொடைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கம்பெனி கைமாறியது. 1976க்குப் பின் டாட்டா வந்தது. 2005ஆம் ஆண்டில் தொழிலாளரே பங்குதாரர்களாகச் சேர்ந்த புதுக் கம்பெனி வந்தது. கேடயம் மட்டும் மாறவில்லை. கொடுத்தவன் போனபின்னும் நிலைத்து நிற்பது பெற்றவர்கள் அதைத் தமதாக்கிக் கொண்டதற்கு அடையாளம். தோட்டத் தொழிலாளருக்கு ஆட்டம் ஒட்டாது என்று எண்ணுவோர் மூணாற்றைப் பார்க்கட்டும்.

நம் மலைநாட்டில்

நமது நிலைமை யாது? நம்மவருக்குக் கால்வலியோ உடல்வலியோ குறைவில்லை. கூடை சுமந்து செங்குத்தான மலையேறும் தாயின் மக்களுக்கு மூச்சுப் பயிற்சி எதற்கு? மாலையில் எந்தத் தோட்டத்துக்குச் சென்றாலும் பிரட்டுக்களத்திலோ, தேயிலை ஸ்டோருக்கு முன்னாலுள்ள வெளியிலோ பிள்ளைகள் பந்தாடுவதைக் காணலாம். ஒரு பக்கம் கான் ஓடும். மறு பக்கம் தேயிலை மலை சரியும். பந்து சற்றே ஓங்கி எழுந்தால் கீழ் லயத்துக் கூரையில்தான் போய் விழும். அதற்குள்ளேயே ஒடித்துத் திருப்பி ஆடப் பழகிய அந்தக் கால்களின் நுட்பம் வியக்கத்தக்கது.

அப்படி ஆடிய பிள்ளை 18 வயதில் என்ன ஆகின்றான்? கொழும்பில் கடை வேலைக்குப் போகின்றான். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் வருகின்றான். வந்த இடத்தில் அவன் சேர்ந்து ஆடுவதற்கு அணி இல்லை. கூடி அமர மன்றம் இல்லை. திறந்திருக்கும் ஒரே இடம் சாராயக் கடை. திறமை இல்லாமையாலன்று, திறமை தங்குவதற்கு ஒரு வீடு இல்லாமையாலேயே இந்நிலை.

முத்தையா முரளிதரனின் பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். முரளிதரனோ டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி 2010ஆம் ஆண்டில் உலக சாதனையுடன் ஓய்வு பெற்றார். இடையில் நிகழ்ந்தது என்ன? குடும்பம் கண்டி நகரில் வாழ்ந்து தொழில் நடத்தியது. மகனுக்குக் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானமும் பயிற்சியும் கிடைத்தன. லயத்திலேயே நின்றுபோன எத்தனை முரளிதரன்களின் பெயர்கள் செக்ரோல் புத்தகத்தோடு முடிந்துவிட்டனவோ, யார் அறிவார்?

இதன் வேர் ஆழமானது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்துக் கப்பலேற்றியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அந்த நெடுங்காலம் முழுவதும் குடியிருந்த லயம் தோட்டத்துக்கு உரியது. நடந்த பாதை தோட்டத்துக்கு உரியது. பிள்ளை பந்தாடிய வெளியும் தோட்டத்துக்கு உரியது. 'எங்களுடையது' என்று சுட்டிக்காட்ட ஒரு சாண் நிலம் இல்லாத மக்கள், எதைக் கொண்டு தம் ஊருக்குப் பெயரிடுவார்கள்?

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. உரிமைப் பத்திரம் இல்லாமலே நம் மக்கள் தமதாக்கிக் கொண்டவையும் உண்டு. தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் இருக்கின்றது. தலைக்கு இவ்வளவு என்று வரி வைத்து, ஒரு குழு அமைத்து, கணக்கெழுதி, தேர் கட்டி, ஆண்டுதோறும் திருவிழா நடத்துகின்றோம். மாசி மாதத்தில் காமன் கூத்தை இரவெல்லாம் ஆடிக் காக்கின்றோம். ஒரு வீட்டில் சாவு நிகழ்ந்தால் சகாய நிதியிலிருந்து அன்றைக்கே உதவி போகின்றது. இவற்றை எந்தத் துரையும் நமக்குக் கற்பிக்கவில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கத் தெரிந்தவர்களுக்கு ஊர் கூடி ஒரு கழகம் நடத்தத் தெரியாதா? வேண்டியவை யாவை? ஒரு பெயர், ஒரே நிறச் சட்டை, ஒழுங்கான ஒரு கணக்குப் புத்தகம், மூத்தவர் இளையவருக்குப் பயிற்றுவிக்கும் வழக்கம். வெர்செல்லியில் லூப்பி ஆசிரியர் தொடங்கியபோது அவரிடம் இதற்கு மேல் அதிகம் இருந்திருக்காது. பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இடமிருக்க வேண்டும். கொழுந்து மலையில் பாதிக்கு மேல் உழைப்பவர்கள் பெண்களாயிருக்க, திடலில் மட்டும் அவர்கள் பார்வையாளராக நிற்பது நியாயமாகுமா?

திடலுக்கு மட்டும் நிலம் வேண்டும். அது நம் கையில் இல்லை. ஹட்டன் டன்பார் மைதானமும் நோர்வூட் மைதானமும் இருக்கின்றன என்பது உண்மை. 2017ஆம் ஆண்டில் இந்தியப் பிரதமர் மலையக மக்களிடையே உரையாற்றியபோது நோர்வூட் மைதானம் நிரம்பி வழிந்ததை நாமெல்லாம் அறிவோம். ஆனால் பள்ளி விட்டுத் தோட்டத்துக்கு நடக்கும் பிள்ளைக்கு அவை எட்டாத தொலைவில் இருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் எழுப்பும் திட்டங்கள் நடைபெறுகின்றன. லயத்துக்கு மாற்றாக வீடு வருவது மகிழ்ச்சிக்குரியது. அவ்வாறு ஒரு புதுக் கிராமத்துக்கு வரைபடம் கீறும்போது வீதிக்கும் கோயிலுக்கும் இடம் விடுவது போல், பிள்ளைகள் ஓடுவதற்கும் ஒரு தட்டு நிலத்தை விடும்படி கேட்க வேண்டும். வீட்டு வரிசை எழுந்தபின் திடலுக்கு இடம் தேடினால் மலைச் சரிவில் அது கிடைக்கப் போவதில்லை. கேட்க வேண்டிய காலம் இதுவே. கேட்க வேண்டியவர்கள் தோட்டத் தலைவர்களும், பெற்றோரும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருமாகிய நாமே.

வெர்செல்லி இனி ஒருபோதும் இத்தாலியின் பட்டத்தை வெல்லாமல் போகலாம். அவ்வூர் மக்கள் அதை அறிந்தும் திடலுக்குப் போகின்றார்கள். மூன்றாம் பிரிவில் ஆடுவது அவர்களுக்கு இழிவாகத் தோன்றவில்லை. ஆடுவதற்குத் தமக்கென ஒன்றும் இல்லாமற் போவதே இழிவு. நமது தோட்டங்களில் தோன்றும் கழகம் எந்தப் பிரிவிலும் இடம் பெறாவிட்டாலும் குறைவில்லை. பக்கத்துத் தோட்டத்தாரிடம் 10க்கு 3 என்று தோற்றாலும் குற்றமில்லை. தோற்றுத் திரும்பும் பிள்ளைகள் நிற்பதற்கு 'எங்கள் கழகம்' என்று ஓர் இடம் இருந்தால் போதும். மறு ஆண்டு அவர்கள் மறுபடியும் வருவார்கள்.